ஐந்தாம் ரூம் கோடு எங்கே?

(இறுதியாண்டு மாணவன், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே கிடையாது. மெக்கானிக்கல் பிரிவில் மட்டும் ஒரு டஜன் கவிஞர்கள் தேறுவார்கள். எனவே நான் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தை எழுதுகிறேன். பிராஜெக்ட் செய்யும் எல்லோருக்கும் ஒருநாள் உதவும்.

எந்த பிராஜெக்டை எடுத்தாலும் கடைசியில் ஒரு கிராப் போட்டே ஆகவேண்டும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மற்றதைப் பார்க்கிறாரோ இல்லையோ, கிராப்பைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். நாமும் டூல்பாக்ஸில் இருந்து சார்ட் என்ற சாமானை இழுத்து பார்மில் போடுகிறோம், கோடு வருகிறது, சந்தோஷம். ஆனால் எத்தனை கோடு வரப்போகிறது என்பது புரோகிராம் எழுதும்போது நமக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது? கட்டுரையே இதைப் பற்றித்தான்.

முதலில் சீரிஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரே கட்டத்துக்குள் வரையப்படும் ஒவ்வொரு கோடும் ஒரு சீரிஸ். 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்தின் ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு என்று ஒரே படத்தில் போட்டுப் புத்தகமே வெளியிட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அங்கே சேதி. தனித்தனிப் படமாகப் போட்டிருந்தால் அந்த இடைவெளி கண்ணில் படாது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடத்தான் பல சீரிஸ். ஒப்பிட வேண்டிய ஒன்று விட்டுப்போனால் அந்தப் படம் பாதிப் பொய்.

இந்தப் பாதிப் பொய்யை நான் நேரில் பார்த்தேன். திருத்தங்கலைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பட்டாசு ஆலையைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படி ஓர் ஆலையின் ஆபீஸில் (பெயர் வேண்டாம்) அறைகளின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தினம் மூன்று வேளை குறித்து வைக்கிறார்கள். மருந்து இருக்கும் அறைக்குள் ஒயரும் கரண்டும் கொண்டுபோக விரும்ப மாட்டார்கள் இல்லையா? அதனால் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து போர்மேன் நோட்டில் எழுதுவார். சாயங்காலம் ஆபீஸில் ஒரு அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். தேதி, நேரம், அறை, வெப்பம், ஈரம் என்று ஒரு வரிக்கு ஐந்து விவரம். யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன புரோகிராம் அதை கிராப்பாகக் காட்டும். நாலு வண்ணத்தில் நாலு கோடு, அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஆலையில் அறை ஆறு! புரோகிராம் எழுதியபோது நாலுதான் இருந்ததாம். அப்புறம் இரண்டு கட்டியிருக்கிறார்கள்.

"அஞ்சாம் ரூம் கோடு எங்க அண்ணாச்சி?" என்று போர்மேனிடம் கேட்டேன்.

"அது கம்ப்யூட்டர்ல வராது தம்பி. நோட்டுல பாத்துக்கிடுவோம்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

பைலைத் திறந்து பார்த்தால் ஐந்தாம் ரூம், ஆறாம் ரூம் கணக்கெல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கிறது. அக்கா தினமும் டைப் அடித்திருக்கிறார். புரோகிராம் அதைப் படித்திருக்கிறது, படித்துவிட்டுத் தூக்கி எறிந்திருக்கிறது. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. எர்ரர் வந்திருந்தால்கூட யாராவது போன் போட்டுத் திட்டியிருப்பார்கள், சரியாகியிருக்கும்.

கோடு வராவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று வேறு ஊர்க்காரர் கேட்கலாம். நாம் கேட்க முடியாது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால் உள்ளுக்குள்ளேயே வேதிமாற்றம் ஆரம்பித்துச் சூடு ஏறும். சூடு ஏற ஏற அந்த மாற்றமும் வேகம் எடுக்கும். மிஞ்சிய மருந்தை ராத்திரி அறையில் விட்டுவைக்காதே என்று பெரியவர்கள் சத்தம் போடுவது இதனாலும்தான். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. ஒரு கிராப் இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம் என்று நான் கதை விட வரவில்லை. ஆனால் ஓர் அறையைக் கவனிப்பதற்காகவே வைத்த படத்தில் அந்த அறையே இல்லை என்றால், அந்தப் படத்தைச் சுவரில் மாட்டாமல் இருப்பதே மேல்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? விண்டோஸ் பார்ம்ஸில் சார்ட்டை இழுத்துப் போட்டதும் அதற்குள் சீரிஸ்1 என்று ஒன்று தானாகவே வந்து உட்காரும். பிராப்பர்ட்டி ஜன்னலைத் திறந்து, ஆட் பட்டனை மூன்று தடவை அமுக்கி, மொத்தம் நாலாக்கி, பெயர் மாற்றி, கலர் கொடுத்து முடித்துவிடுகிறோம். பிறகு கோடிங்கில் 'அறை 1 என்றால் முதல் சீரிஸ், அறை 2 என்றால் இரண்டாவது' என்று இஃப் மேல் இஃப். நாலு தாண்டியதற்கு எந்த இஃப்பும் பொருந்தாது. சத்தம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். 'சி' லாங்வேஜில் நாலு இடம் போட்டு அர்ரே டிக்ளேர் பண்ணுகிற அதே பழக்கம்தான்.

எண்ணிக்கை மாறாது என்று நினைப்பதே தப்பு. பட்டாசு ஆலையை விடுங்கள், மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் மொழிவாரி மாநிலம் அமைந்தபோது நம் மாநிலத்தில் 13 மாவட்டம். 1985-ல் பழைய ராமநாதபுரத்தில் இருந்து நம் விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. 2019, 2020 ஆகிய இரண்டே வருஷத்தில் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை என்று ஆறு புதிது முளைத்து 32 என்பது 38 ஆனது. மாவட்டவாரியாக மழைக் கணக்கு காட்டும் ஒரு புரோகிராமில் 32 சீரிஸை டிசைன் செய்யும்போதே உட்காரவைத்திருந்தால் அந்த ஆறு மாவட்டத்திலும் மழையே பெய்யாது!

ஆகவே செய்ய வேண்டியது என்னவென்றால், டிசைன் ஜன்னலில் ஒரு சீரிஸ்கூட வைக்காதீர்கள். தானாக வந்த அந்த சீரிஸ்1-ஐயும் அழித்துவிடுங்கள். (அழிக்காமல் விட்டால் லெஜண்ட் பெட்டியில் கோடே இல்லாத ஒரு பெயர் பேய் மாதிரி நின்றுகொண்டே இருக்கும்.) எத்தனை கோடு என்பதைப் பைலில் வரும் விவரமே தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது 'இந்த அறைக்கு ஏற்கெனவே கோடு இருக்கிறதா?' என்று கேள். இருந்தால் அதில் புள்ளியைச் சேர். இல்லாவிட்டால் அந்த நிமிஷமே ஒரு கோடு உண்டாக்கி அப்புறம் சேர். அம்புட்டுத்தான்!

கோடிங்கைத் தமிழிலேயே எழுத்துக்கூட்டித் தருகிறேன். கீபோர்டில் தட்டும்போது இங்கிலீஷில் தட்டிக்கொள்ளுங்கள்.

பைலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும்:
  பெயர் = வரியில் உள்ள அறை
  கோடு = சார்ட்1.சீரிஸ்.ஃபைண்ட்பைநேம்(பெயர்)
  கோடு 'நல்' என்றால்:
    கோடு = சார்ட்1.சீரிஸ்.ஆட்(பெயர்)
    கோடு.சார்ட்டைப் = லைன்
    கோடு.எக்ஸ்வேல்யூடைப் = டேட்டைம்
    கோடு.பார்டர்வித் = 2
  கோடு.பாயிண்ட்ஸ்.ஆட்எக்ஸ்ஒய்(நேரம், வெப்பம்)

ஃபைண்ட்பைநேம் என்பது அந்தப் பெயரில் சீரிஸ் இருந்தால் அதைக் கையில் கொடுக்கும், இல்லாவிட்டால் 'நல்' கொடுக்கும். இதைக் கேட்காமல் நேராக ஆட் போட்டால், அறை 1 இரண்டாவது தடவை வரும்போது 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது' என்று புரோகிராம் நின்றுவிடும். அதே மாதிரி அடைப்புக்குறிக்குள் பெயரைப் போட்டு, இல்லாத சீரிஸை எடுக்கப் போனாலும் எர்ரர்தான். சார்ட்டைப் சொல்ல மறந்தால் கோட்டுக்குப் பதில் தூண் தூணாக நிற்கும், ஏனென்றால் அதுதான் வழக்கமாக வருவது. லெஜண்டுக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம், சீரிஸ் சேர்ந்ததும் பெயரும் சேர்ந்துவிடும். ஆறு அறை என்ன, அறுபது வந்தாலும் இந்த வரிகள் மாறாது. (அறுபது கோடு போட்டால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அது வேறு விஷயம்.)

இத்தோடு முடிந்தது என்றுதான் நிறையப் பேர் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான தலைவலி இனிமேல்தான்.

கோட்டுக்கு அடையாளம் அதன் பெயர். பெயரோ மனிதர் டைப் அடிப்பது. ஒருநாள் 'அறை 5' என்று அடிப்பார்கள், மறுநாள் 'ரூம் 5', அவசரத்தில் 'அறை 5' என்பதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். நம் கண்ணுக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு. பழைய புரோகிராம் ஓர் அறையைத் தொலைத்தது. நம் புதிய புரோகிராம் ஒரே அறையை மூன்று கோடாக்கிவிடும்! ஒரு கோடு திங்கட்கிழமையோடு நின்றுவிடும், இன்னொன்று செவ்வாயன்று பிறக்கும். வெப்பம் மூன்று நாளாக ஏறிக்கொண்டே போகிறது என்பது எந்தக் கோட்டிலும் தெரியாது. எனவே பெயரை அப்படியே நம்பாமல், முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை ட்ரிம் செய்து, அறைப் பட்டியல் ஒன்றை வைத்து அதோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் 'இது எந்த அறை?' என்று கேட்கவைக்க வேண்டும். டைப் அடிக்கவே விடாமல் காம்போ பாக்ஸில் தேர்ந்தெடுக்கச் செய்தால் இன்னும் நிம்மதி.

அடுத்தது எக்ஸ் அச்சு. இதில் சிக்கினால் படம் பார்க்க அழகாக இருக்கும், சொல்வது மட்டும் பொய்யாக இருக்கும். உதாரணத்துக்கு 'திங்கள்', 'செவ்வாய்', 'புதன்' என்று எழுத்தாகவே ஆட்எக்ஸ்ஒய்-க்குக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். எழுத்துக்கு மதிப்பு கிடையாது என்பதால் சார்ட் அதை லேபிளாக மட்டும் வைத்துக்கொண்டு, முதல் புள்ளி முதல் இடத்தில், இரண்டாவது புள்ளி இரண்டாவது இடத்தில் என்று வரிசைப்படி வைத்துவிடும். ஐந்தாம் அறையில் செவ்வாயன்று குறிக்க மறந்துவிட்டார்கள். அதன் புதன்கிழமைக் கணக்கு, இரண்டாவது புள்ளி என்பதால், செவ்வாய் என்ற லேபிளுக்கு மேலே போய் உட்காரும். புதனன்று மழை பெய்து எல்லா அறையிலும் ஈரம் ஏறியிருக்கும். ஐந்தாம் அறையில் மட்டும் ஒருநாள் முன்னாடியே ஏறிவிட்ட மாதிரி படம் சொல்லும். அதைப் பார்த்து ஒருவர் அந்த அறையின் கூரையில் ஓட்டை தேடப் போவார்!

இதற்காகத்தான் மேலே எக்ஸ்வேல்யூடைப் என்பதை டேட்டைம் ஆக்கினேன். தேதியைத் தேதியாகவே கொடுத்தால் சார்ட் அதை உள்ளே ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். 1899 டிசம்பர் 30-ல் இருந்து எத்தனை நாள் என்ற எண் அது. காலை ஆறு மணி என்றால் நாளில் கால் பங்கு, அதாவது 0.25 கூடும். எண் வந்துவிட்டால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில்தான் நிற்கும், பக்கத்து அறை எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் கவலை இல்லை. எழுத்தாகத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் அலைன்டேட்டாபாயிண்ட்ஸ்பைஆக்சிஸ்லேபிள் என்று ரயில் நீளத்துக்கு ஒரு மெத்தட் இருக்கிறது. எல்லா சீரிஸையும் சேர்த்தபிறகு அதைக் கூப்பிட்டால் லேபிளை வைத்து நேராக்கித் தரும். ஒன்று கவனியுங்கள்: லைன் சார்ட்டில் புள்ளிகளைச் சேர்த்த வரிசையில்தான் கோடு போகும். விட்டுப்போன பழைய கணக்கைக் கடைசியில் ஏற்றினால் கோடு பின்னோக்கித் திரும்பி மின்னல் மாதிரி வெட்டும். நேரப்படி சார்ட் செய்துவிட்டுப் போடுங்கள். (இந்த 'சார்ட்' வரிசைப்படுத்துவது. நம் ஊர் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய!)

குறிக்காத நாளுக்குப் பூஜ்யம் போடலாமா? கூடவே கூடாது. ஐந்தாம் அறை அன்றைக்கு ஐஸ் பெட்டியாக இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். நம்ம ஊரையே பாருங்கள். 2021 அக்டோபரில் திருத்தங்கல் நகராட்சி சிவகாசியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது. நகராட்சிவாரியாக வரி வசூல் காட்டும் கிராப் ஒன்று இருந்தால் திருத்தங்கல் கோடு அதோடு நிற்கவேண்டும். பூஜ்யத்துக்கு இறங்கினால் ஊரில் ஒரு வீடுகூட வரி கட்டவில்லை என்று ஆகிவிடும்! நடுவில் ஒரு நாள் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளியைச் சேர்த்து அதன் இஸ்எம்ப்டி என்பதை ட்ரூ ஆக்குங்கள். எம்ப்டிபாயிண்ட்ஸ்டைலின் கலரை டிரான்ஸ்பரன்ட் என்று வைத்தால் கோடு அங்கே அறுந்து தெரியும். கோடு அறுந்து தெரிந்தால் 'அன்னைக்கு ஏன் குறிக்கல?' என்று யாராவது கேட்பார்கள்.

இந்தக் கேள்வியை நான் முக்கியமாக நினைக்கிறேன். காரணம், இப்போது நாம் எழுதியிருக்கும் முறையிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. விவரம் வந்தால் கோடு பிறக்கும், சரி. விவரமே வராவிட்டால்? ஆறாம் அறையை ஒரு வாரம் யாருமே குறிக்கவில்லை என்றால் ஐந்து கோடுதான் வரும், லெஜண்டிலும் ஐந்து பெயர்தான். பார்ப்பவர் ஐந்து அறைதான் போலிருக்கிறது என்று போய்விடுவார். பழைய புரோகிராம் செய்த அதே வேலை! ஆகவே மேலே சொன்ன அறைப் பட்டியலை இன்னொரு தடவை பயன்படுத்துங்கள். எல்லா வரியும் படித்து முடித்ததும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் சீரிஸ் உண்டா என்று பார்த்து, இல்லாததைச் சிவப்பு எழுத்தில் படத்தின் தலைப்பிலேயே 'அறை 6: கணக்கு வரவில்லை' என்று எழுதிவிடுங்கள். டைட்டில்ஸ்.ஆட் என்று ஒரே வரி. அந்த ஆலைக்காக நான் எழுதிப் பார்த்த புரோகிராமில் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்தது இந்தச் சிவப்பு வரிதான். "கோடு கெடக்கட்டும் தம்பி, இது ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டார்! எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-ல் எம்எஸ்சார்ட் என்று ஒன்று உண்டு. நம் சீனியர்கள் அதில்தான் பழகினார்கள். அதில் விவரம் ஒரு சதுரக் கட்டம் மாதிரி. ஒவ்வொரு காலமும் ஒரு சீரிஸ். புதிய சீரிஸ் வேண்டும் என்றால் காலம்கவுண்ட்டை ஒன்று கூட்டி, அந்தக் காலத்தில் நின்று லேபிளும் டேட்டாவும் கொடுக்க வேண்டும். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் இருக்கும் சார்ட் 2010-ல் வந்த நாலாம் பதிப்பில் இருந்து கூடவே வருகிறது. எக்ஸெலில் மேக்ரோ எழுதுபவர்களுக்கு சீரிஸ்கலெக்ஷன்.நியூசீரிஸ். அங்கே ஒரு படத்துக்கு 255 சீரிஸ் வரைதான் அனுமதி. டாட்நெட் சார்ட்டிலேயே டேட்டாபைண்ட்கிராஸ்டேபிள் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. எந்த பீல்டை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் போதும், ஒவ்வொரு தனிப் பெயருக்கும் அதுவே ஒரு சீரிஸ் உண்டாக்கும். அப்படியானால் இவ்வளவு நேரம் எதற்குக் கத்தினாய் என்று கேட்பீர்கள். 'ரூம் 5'-ம் 'அறை 5'-ம் ஒன்று என்று அதற்கும் தெரியாது. விவரம் சுத்தமாக இருந்தால் தாராளமாக அதைப் பயன்படுத்துங்கள்.

ஈரப்பதத்தையும் அதே படத்தில் போட ஆசை வரும். வெப்பம் டிகிரி, ஈரம் சதவீதம். இரண்டையும் ஒரே அச்சில் போட்டுக் குழப்பாதீர்கள். இரண்டாவது சார்ட்ஏரியா ஒன்று கீழே வைத்து, பெயரை 'அறை 5 ஈரம்' என்று கொடுத்து, அதன் சார்ட்ஏரியா பிராப்பர்ட்டியில் கீழ்ப் பெட்டியின் பெயரைச் சொல்லிவிட்டால் சரி.

கடைசியாகக் கலர். சும்மா விட்டால் சார்ட் தன்னிடம் உள்ள வண்ணங்களைச் சீரிஸ் சேர்ந்த வரிசைப்படி பங்கு போடும். இன்று பைலில் முதல் வரி அறை 1, நாளை முதல் வரி அறை 3 என்று வந்தால் நேற்று நீலமாக இருந்த அறை இன்று ஆரஞ்சு ஆகிவிடும். வாரா வாரம் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய இம்சை. அறைப் பட்டியலிலேயே அறைக்கு ஒரு கலர் எழுதிவைத்து, சீரிஸ் பிறக்கும்போதே கோடு.கலர் என்று கொடுத்துவிடுங்கள். அதோடு ஒவ்வொன்றுக்கும் மார்க்கர்ஸ்டைலையும் மாற்றுங்கள்: ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்குச் சதுரம், ஒன்றுக்கு முக்கோணம். ஸ்கிரீனில் பார்க்கும்போது இது எதற்கு என்று தோன்றும். அந்த ஆபீஸில் இருப்பது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முதல் தடவை அடித்து எடுத்தபோது ஆறு கோடும் ஒரே கறுப்பாக வந்தது. அண்ணாச்சி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அஞ்சாம் ரூம் எது தம்பி?" என்றார். அன்று சாயங்காலமே ஐந்தாம் அறைக்கு முக்கோணம் போட்டாயிற்று.